கடைக் கதவில் ஒட்டிய காகிதத்தில் விடுபட்ட ஒரு வரி

சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருபது ஆண்டுகளாகச் சாமான் வாங்கும் மினி மார்க்கெட் இது. பெயரை எழுதப்போவதில்லை. பருப்பு, மிளகாய்த்தூள், காய்கறி எல்லாமே தரமானவை. மழை நாளில் தோட்டத்து வீடுவரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். ஆனாலும் இரண்டு நட்சத்திரம்தான் தருகிறேன்.

அடிப்படைச் சாமான் வாங்க மலேசிய அரசாங்கம் தரும் சாரா உதவித்தொகை, மைகார்டு என்னும் அடையாள அட்டையிலேயே வரவாகிறது. என் மாமியாருக்கு வயது 79, படிக்கத் தெரியாது. ஒரு நாள் அவருடைய பையைப் பிரித்தபோது ரசீது கையில் பட்டது. பையில் இருந்தவை அரிசியும் முட்டையும் மட்டுமே. ரசீதிலோ இரண்டு போத்தல் சமையல் எண்ணெயும் மாவும் சேர்ந்திருந்தன. கல்லாவில் கார்டை வாங்கிய பையனைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்ல பிள்ளையம்மா, உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தான்" என்றார்.

முதலாளி அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வெளியில் சொல்லாதீர்கள் அக்கா, கடையின் பெயர் கெட்டுவிடும்" என்று கேட்டுக்கொண்டார். கல்லாவில் இருந்த அந்தப் பையனைப் பின்கட்டு கிடங்குக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

அதே வாரம் அங்கே வேலை பார்த்த பெண் ஒருத்தி ஈப்போவில் தொழிற்சாலை வேலை கிடைத்துப் போனாள். ஊர் அவளைத் திருடி என்றது. அவள் அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

தோட்ட அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவள் நான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவை முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். முறையாக விசாரியுங்கள். விசாரணைக்காக இரண்டு வாரம்வரை பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவைக்கலாம்; குற்றமில்லை என்றால் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

மூன்று வாரம் கழித்துக் கண்ணாடிக் கதவில் காகிதம் ஒட்டினார். ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர்களின் கார்டைத் தவறாகப் பயன்படுத்தினார், விசாரித்து நீக்கிவிட்டோம், பழைய ரசீதுடன் வந்தால் பணம் தருகிறோம் என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தார். அதன் பிறகு நான்கு பாட்டிமார் பணம் வாங்கிப் போனதை நானே பார்த்தேன். பையனின் பெயரைப் போடாததும் சரிதான். அவனுக்குப் பள்ளிக்குப் போகும் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள்.

ஆனால் ஈப்போவுக்குப் போன பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. காகிதத்தின் அடியில் இரண்டு விரற்கடை வெற்றிடம் இருக்கிறது, முதலாளித் தம்பி. அவள் அம்மா பஸ்ஸுக்குப் போகும் வழியும் அந்தக் கதவைத் தாண்டித்தான். அங்கே எழுதுங்கள்.