தீ பட்ட காட்டுக்கு ஜூமா, பிரைமா?

ஜவ்வாது மலைப் பக்கம் தீ ஓய்ந்த காட்டைப் படமெடுக்க 24 மி.மீ. (அகலக் காட்சி) முதல் 105 மி.மீ. (நெருக்கம்) வரை மாற்றிக்கொள்ளும் 24-105 ஜூம் ஒன்று போதுமா, குவியத்தூரம் மாறாத 24, 50 என்று இரண்டு பிரைம் லென்ஸ் வேண்டுமா? இரண்டையும் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது ஜூமோடுதான் போகிறேன்.

பிரைம் எடை குறைவு, கூர்மை அதிகம், இருட்டில் கைகொடுக்கும். தெரிந்த கதைதான். ஆனால் இலை கொட்டிய காட்டில் பங்குனி வெயில் கண்ணைப் பறிக்கும்போது நிறைய ஒளியை உள்ளே விடும் எஃப் 1.8 திறப்புக்கு என்ன வேலை?

விஷயமே சாம்பல்தான். நம் பக்கத்து இலையுதிர் காட்டில் பெரும்பாலும் தரைத்தீ. சருகும் புல்லும் எரியும். முதிர்ந்த மரத்துக்கு அடி கரிந்து உச்சி தப்பிவிடும். வெக்காலி போன்ற மரங்களின் வெளிறிய பட்டையில் தீ எதுவரை ஏறியது என்பது பளிச்சென்று தெரியும். ஆகவே ஒரே மரத்துக்கு இரண்டு படம் வேண்டும்: அடி முதல் உச்சி வரை 24-ல் ஒன்று, பாளம் பாளமாக வெடித்து மினுங்கும் கரியை நெருக்கத்தில் இன்னொன்று. பிரைம் என்றால் மரத்துக்கு மரம் லென்ஸ் மாற்ற வேண்டும், அதுவும் கால் வைத்தாலே சாம்பல் எழும் இடத்தில். பல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் லென்ஸைக் கழற்றினால், படம் பதியும் சென்சார் திறந்தே கிடக்கும். திறப்பு அகன்ற எஃப் 2.8-ல் தெரியாத தூசி, திறப்பைச் சுருக்கிய எஃப் 11-ல் வானமெங்கும் கறுப்புப் புள்ளியாக நிற்கும். கொஞ்சம் ஈரம் சேர்ந்து ஒட்டிக்கொண்டால் காற்றூதும் புளோயருக்கு அசையாது. ஈர ஸ்வாப் போட்டுத் துடைக்கத் துணிச்சல் இல்லையென்றால் சென்னைக்கு அனுப்ப வேண்டியதுதான். கேமரா திரும்பி வருவதற்குள் ஒரு கோடை மழை பெய்து, சிற்றீச்சை குருத்து விட்டு, கறுப்புத் தரை பச்சையாகிவிடும்.

அப்புறம், அடி வெந்த மரம் காற்றே இல்லாமலும் கிளையை உதிர்க்கும். 105-ல் தள்ளி நின்று எடுக்கலாம். 50-ஐ வைத்துக்கொண்டு கரியின் வெடிப்பை எடுக்க மரத்தடிக்கே போக வேண்டும். காப்புக்காட்டுக்கு அனுமதி வேண்டும், 2018 குரங்கணி தீக்குப் பிறகு மலையேற்ற விதிகளும் இறுகிவிட்டன. கூட வரும் வனத்துறை ஊழியர் “போலாமா சார்?” என்று நிற்கையில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

எந்த லென்ஸானாலும், கரிந்த மரம் ஃபிரேமை அடைத்தால் கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் அதை வெளுக்க வைக்கப் பார்க்கும். ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துவிடுங்கள்.

ஜூமிலும் குறை இல்லாமல் இல்லை. நீண்டு சுருங்கும் குழல், காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். கேமராவில் பொருந்தும் மவுண்ட்டில் ரப்பர் வளையம் உள்ளதாகத்தான் வாங்கினேன். இதுவரை உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பல வருஷம் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு அது இன்னும் என்னிடம் உழைக்கவில்லை.

பின்னணியை மங்கலாக்கி, கரிக்கு நடுவே ஒற்றைக் குருத்தை மட்டும் தனித்துக் காட்டுவதில் 50-ஐ ஜூம் தொடாது. அதற்காகவே போவதென்றால் 50-ஐ வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், திரும்பி வரும்வரை கழற்றாதீர்கள்.