யேசு எஃப்டி-817 ஹாம் றேடியோவுக்கு சிடபிள்யூ (மோர்ஸ்) ஃபில்டர்: உள்ளுக்க போடுறதா, வெளியில டிஎஸ்பி (சத்தத்தை டிஜிட்டலா வடிகட்டுற) பெட்டியா?

உள்ளுக்க போடுற 500 ஹெர்ட்ஸ் கொலின்ஸ் மெக்கானிக்கல் ஃபில்டருக்கு சோல்டரிங் வேலையே இல்ல, மேல்மூடியைக் கழட்டி (ஸ்பீக்கர் வயர் கவனம்!) அமத்திப்போட்டு மெனுவில ஓன் பண்ணினா சரி, ஆனா இப்ப புதுசா வாறேல்ல, செக்கண்ட்ஹேண்ட் விலை கேட்டா தலை சுத்தும், இருக்கிறதும் ஒரே ஒரு இடந்தான் எண்டபடியா எஸ்எஸ்பி (குரலில கதைக்கிற முறை) ஃபில்டரை மறந்திடோணும்.

ஆடியோ டிஎஸ்பி பெட்டி லேசு, ஹெட்ஃபோன் ஜாக்கில கொழுவினா முடிஞ்சுது. வெள்ளவத்தை ஃபிளாட்டுகள்ள எல்ஈடி பல்ப், சார்ஜர் போடுற இரைச்சலையும் கொஞ்சம் குறைக்கும். பிரச்சினை என்னெண்டா அது ஏஜிசிக்கு (சிக்னல் பலத்துக்கு ஏத்தமாதிரி றிசீவர் தானாக் கூட்டிக் குறைக்கிற சேர்க்கிட்) பிறகுதான் வேலை செய்யுது, பக்கத்தில பெரிய சிக்னல் ஒண்டு வந்தா பெட்டி அதை வெட்டுறதால உங்கட காதுக்குக் கேக்காது, ஆனா ஏஜிசி றிசீவரையே அமத்திப்போடும், நீங்க தேடுற சின்னனும் அதோட போயிடும்.

கொன்டெஸ்ட் (றேடியோ போட்டி) அடிக்கிற 4எஸ்7 (இலங்கை கோல்சைன்) ஆக்களுக்கு நான் உள் ஃபில்டர்தான் சொல்லுவன். சும்மா பொழுதுபோக்குக்கு பெட்டி காணும், புறக்கோட்டையில நல்ல ஜாக் வயரா பாத்து வாங்குங்கோ.