குழந்தை வரவிருக்கும் வீட்டில் காரமிளகாய்: இரட்டை வாளி ஹைட்ரோபோனிக்ஸ் தொகுப்பின் மதிப்பீடு

மண்ணில்லாமல் மிளகாய் வளர்க்க விற்கப்படும் தொகுப்புகளை மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் விளைச்சலைப் பற்றியும் விளக்கின் வாட் அளவைப் பற்றியுமே பேசுகிறார்கள். முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் வீட்டுக்கு அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. யாரும் எட்டிப் பார்க்காமல் விட்டால் செடி எத்தனை நாள் தாங்கும்? கருவுற்றிருந்த காலத்தில் வாங்கி, குழந்தை தவழத் தொடங்கிய பின்னும் நான் பயன்படுத்திவரும் இரட்டை வாளித் தொகுப்பை அந்தக் கேள்வியை முன்வைத்தே இங்கு எடைபோடுகிறேன். பல நிறுவனங்கள் ஏறக்குறைய இதே அமைப்பை விற்பதால், பெயரைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே வாங்குபவருக்குப் பயன்படும்.

மூடியுள்ள 20 லிட்டர் கறுப்பு வாளிகள் இரண்டு, மூடியில் பொருந்தும் வலைத்தொட்டிகள், களிமண் உருண்டைகள், விதைக்க ராக்வூல் எனும் கல்லிழைக் கட்டிகள், காற்றுப் பம்பும் அதன் காற்றை நீரில் குமிழிகளாக விடும் காற்றுக்கற்களும், ஏ, பி என இரு புட்டிகளில் ஊட்டக்கரைசல், கரைசலின் அமில-கார அளவான பிஎச்சைக் குறைக்கும் திரவம், பேனா வடிவ மீட்டர், ஒரு வெள்ளை எல்.இ.டி. பலகை ஆகியவை பெட்டியில் வருகின்றன. ஊட்டத்தை இரண்டு புட்டிகளாகப் பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு. அடர்ந்த நிலையில் கால்சியமும் சல்பேட், பாஸ்பேட் உப்புகளும் கலந்தால் அவை படிவாகத் தங்கிவிடும், செடிக்குக் கிடைக்காது. ஆகவே ஒன்றை முதலில் வாளி நீரில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே மற்றொன்றை ஊற்ற வேண்டும். இந்த ஒரு வரியைக் கையேடு கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அது முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

தொகுப்பின் உண்மையான பலம் அந்த 20 லிட்டரில்தான் இருக்கிறது. காய்த்து நிற்கும் மிளகாய்ச் செடி வெப்பமான நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடியது. சமையலறை மேடையில் வைக்கும் மூன்று, நான்கு லிட்டர் கருவிகளில் அத்தகைய செடி வளர்ந்தால், சில நாள்களிலேயே நீர் வற்றி, எஞ்சிய கரைசலில் உப்பின் அடர்த்தி ஏறி, இலை நுனிகள் கருகத் தொடங்கும். பெரிய வாளியில் இந்த மாற்றம் மெதுவாக நிகழ்கிறது. பிரசவத்தையொட்டி வாளியைத் திறந்து பார்க்கவே முடியாமல் போன நாள்களில் நீர்மட்டம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தும் செடிகள் வாடவில்லை. நீர் இறங்கும்போது உருவாகும் ஈரமான காற்றிடைவெளியில் மேல் வேர்கள் ஆக்சிஜனை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு கிராட்கி உருவாக்கிய பம்பில்லா முறை முழுக்க இந்த இயல்பையே நம்பியிருக்கிறது. ஆகவே மின்சாரம் போனாலும் பம்பு நின்றாலும் உடனே பதற வேண்டியதில்லை. அந்த இடைவெளியை மட்டும் எப்போதும் விட்டுவைத்தால் போதும்.

காலக்கணக்கையும் பார்க்க வேண்டும். ஹலப்பீனோ, கேயன் போன்ற கேப்சிகம் அன்னூம் என்ற இனத்தின் வகைகள் நாற்றை மாற்றி நட்ட இரண்டரை, மூன்று மாதங்களில் பறிக்கத் தகுந்த காய்களைத் தரும். ஹபனேரோ முதலிய கேப்சிகம் சைனென்ஸ் இனத்தின் வகைகளோ 25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தும் முளைக்கவே மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்ளலாம். விதையிலிருந்து பழுத்த பழம் வரை ஆறு மாதம் ஆவது இயல்பு. கர்ப்பம் உறுதியானதும் ஹபனேரோ விதைப்பவருக்கு முதல் அறுவடை பிரசவத்தை நெருங்கும் மாதங்களில்தான் வந்து நிற்கும். அதனால் ஒரு வாளியில் ஹலப்பீனோவும் மற்றொன்றில் ஹபனேரோவும் வைப்பதே சரி என்பது என் கருத்து. தொகுப்போடு வந்த விதைப் பொட்டலத்தில் ‘அதிகக் காரம்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. இனத்தின் பெயரே இல்லை. ஹலப்பீனோவின் காரம் 2,500 முதல் 8,000 ஸ்கோவில் அலகு. 2023இல் கின்னஸ் பதிவு பெற்ற பெப்பர் எக்ஸ் மிளகாயின் சராசரியோ 26,93,000. இவ்வளவு அகன்ற வரம்பில் எதை வளர்க்கிறோம் என்று தெரியாமல் வளர்ப்பதைக் கைக்குழந்தை உள்ள வீட்டில் ஏற்க முடியாது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. பழத்தை வெறுங்கையால் அரிந்துவிட்டு நீரில் மட்டும் கழுவிய விரல்கள், குழந்தையின் கண்ணையோ பால் கொடுக்கும் மார்பையோ தொட்டால் எரிச்சல் நிச்சயம். நைட்ரைல் கையுறை அணிவதும், அரிந்து முடித்தபின் கையில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்பால் கழுவுவதும் கட்டாயம்.

மண் இல்லை என்பது கர்ப்பிணிக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி. பூனைக்கழிவு கலந்த தோட்ட மண்ணின் வழியாக டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பரவக்கூடும் என்பதால், கர்ப்பகாலத்தில் மண்ணைத் தொடும்போது கையுறை அணியச் சொல்கிறார்கள். இந்த முறையில் அந்தக் கவலையே எழுவதில்லை. ஆனால் கரைசலை மாற்றும் நாளில் இதே தொகுப்பு கர்ப்பிணியை மறந்துவிடுகிறது. நிரம்பிய வாளி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அடியில் ஒரு குழாய் கூட இல்லை. செடியோடு மூடியைத் தூக்கிப் பிடித்தபடி வாளியைச் சாய்ப்பது எந்த மாதத்திலும் செய்யத்தக்க வேலை அன்று. ஒரு சிறிய வடிகுழாயைச் சேர்க்க ஆகும் செலவு மிகக் குறைவு. அதுவரை இன்னொருவரின் கையோ ஒரு கைப்பம்போ தேவை.

பாதுகாப்பில்தான் தொகுப்புக்கு நான் மதிப்பெண்ணை வெகுவாகக் குறைக்கிறேன். மூடி வெறுமனே அமர்ந்திருக்கிறதே தவிரப் பூட்டிக்கொள்வதில்லை. நிற்கப் பழகும் குழந்தைகளுக்கு உடலோடு ஒப்பிடத் தலையின் எடை அதிகம். தலைகீழாக விழுந்தால் வாளியின் அடியில் உள்ள சில சென்டிமீட்டர் நீரே உயிருக்கு ஆபத்து. புட்டிகளின் மூடிகளும் குழந்தைகள் திறக்க முடியாதவை அல்ல. பிஎச் குறைக்கும் திரவமோ பாஸ்பாரிக் அமிலம். மீட்டரின் பின்மூடி நகத்தால் தள்ளினாலே திறக்கிறது, உள்ளே பொத்தான் பேட்டரிகள். விழுங்கப்பட்டால் அவை இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பதே முதன்மையாகக் கைக்குழந்தைகளை எண்ணித்தான்; அதிக நைட்ரேட் அவர்களின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. காய்க்கும் செடிக்கான கரைசலில் அது இந்த வரம்பைப் போலப் பல மடங்கு இருக்கும். அளவுக் குவளையும் ஊற்றும் பாத்திரமும் சமையலறைக்குள் வரவே கூடாது. இவற்றில் ஒன்றைப் பற்றியும் கையேட்டில் எச்சரிக்கை இல்லை.

பம்பின் இரைச்சல் பகலில் கேட்பதில்லை. குழந்தை உறங்கும் அறையில் கேட்கும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு ரப்பர் மெத்தையின் மீது வைத்தால் அதிர்வும் குறையும், மின்சாரம் நிற்கும்போது நீர் பின்னேறிப் பம்புக்குள் புகுவதும் நேராது. விளக்கு நன்று. மிளகாய் பூப்பது பகல் நீளத்தைப் பெரிதும் சார்ந்ததன்று என்பதால், 14 மணி நேர ஒளியைக் குழந்தையின் உறக்கத்துக்கு ஏற்ப நகர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

அன்றாடப் பராமரிப்பு எளிது. பிஎச் 5.5க்கும் 6.5க்கும் இடையே இருக்க வேண்டும். செடி நைட்ரேட்டை எடுக்க எடுக்க அது மெல்ல ஏறும். கரைசல் 25 டிகிரிக்கு மேல் சூடேறினால் வேரழுகல் வரும் என்பதால் வாளியை வெயிலில் வைக்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த வேலை மகரந்தம் சேர்ப்பது. வீட்டுக்குள் காற்றும் தேனீயும் இல்லாததால் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்ட வேண்டும். வெள்ளை இதழ்களுக்கு நடுவே நீலச்சாயல் கொண்ட மகரந்தப்பைகள் வெடித்திருந்தால், மாவு போன்ற தூள் நகத்தில் ஒட்டுவது தெரியும். தோளில் குழந்தை தூங்கும்போதும் மற்றொரு கையால் இதைச் செய்துவிட முடிகிறது.

ஆகவே வாங்கலாம், ஆனால் மூடிக்குக் கவ்விகளும் புட்டிகளுக்குப் பூட்டுள்ள அலமாரியும் தயாரான பிறகு. பிரசவ நேரத்தில் இந்தப் பராமரிப்பும் முடியாது என்று தோன்றினால் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். மிளகாய் பல்லாண்டுப் பயிர். தண்டில் சில கணுக்களை மட்டும் விட்டு வெட்டி, கரைசலைப் பாதி அடர்த்திக்குக் குறைத்து, விளக்கின் நேரத்தையும் குறைத்தால் அது குறைவாகக் குடித்துக்கொண்டு காத்திருக்கும்; மீண்டும் முழு ஊட்டம் கொடுத்ததும் பழைய வேரிலிருந்தே தளிர்த்து, விதையிலிருந்து வளர்ப்பதைவிட விரைவாகக் காய்க்கும்.