காந்த மெத்தையா, துடிப்புப் பாயா, டென்ஸ் கருவியா?

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். வலிக்கு இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. போன மாதம் மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் காந்த மெத்தை விற்க ஒருவர் வந்தார். காந்தத்தில் ஜெம் கிளிப்புகளைச் சரம்போலத் தொங்கவிட்டு, "ரத்தத்துல இரும்பு இருக்கில்லையா, அதையும் இப்படித்தான் இழுக்கும்" என்றார். விலை லட்சத்துக்கு மேல். சித்தி சும்மா இருக்கவேண்டாமென்று ஒரு காந்தக் காப்பு வாங்கி வந்தார்.

ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஆணி இரும்பு அல்ல. ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தைக் காந்தம் இழுக்காது, மிக மிக லேசாகத் தள்ளும். 1.5 டெஸ்லா அளவுக்குப் பலமான காந்தம் உள்ள எம்ஆர்ஐ ஸ்கேன் குழாய்க்குள் படுத்துவிட்டு வருபவர்களுக்கே ரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்குவதில்லை. சித்தியின் காப்பைப் புறங்கையில் வைத்து, உள்ளங்கையில் ஒரு கிளிப்பை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, கீழே விழுந்தது. தூரம் கூடக்கூடக் காந்தத்தின் பலம் அவ்வளவு வேகமாகக் குறைந்துவிடும். மெத்தை மேல் விரிப்பு, புடவை, தோல், தசை எல்லாம் தாண்டி மூட்டுக்கு என்ன போய்ச் சேரும்? மெத்தை, காப்பு இரண்டையும் ஒதுக்கிவிட்டேன்.

துடிப்புப் பாயை அப்படி ஒரேயடியாகத் தள்ள முடியாது. மின்சாரத்தில் ஓடும் பாய் அது; அதில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது 1831-இல் ஃபாரடே காட்டியது. ஒன்றுசேராமல் நிற்கும் எலும்பு முறிவுக்கு இவ்வகைக் கருவியை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1979-இலேயே அனுமதித்தது. ஆனால் அது முறிந்த இடத்தில் கட்டி, தினமும் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் போடும் கருவி. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு சர்க்கரை, தைராய்டு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஒரே பாயை விற்பது வேறு கதை. முழங்காலுக்கு அதன் பலன் பற்றிய ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை; சொந்தமாக வாங்கும் அளவுக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லை.

டென்ஸ் காந்தமே இல்லை. தோலில் ஒட்டும் பட்டை வழியே நேரடி மின்துடிப்பு. எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். சிலருக்கு அந்த நேரத்துக்கு வலி அடங்கும், தேய்ந்த மூட்டு திரும்பி வளராது. பிசியோதெரபி மையத்தில் நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பதே இதன் பெரிய வசதி.

அம்மாவுக்கு நான் தேர்ந்தெடுத்தது அதுதான். கூடவே அங்கே சொல்லித்தந்த பயிற்சி: டவலைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்துவது. உண்மையில் நான் அதைத்தான் அதிகம் நம்புகிறேன். சீரியல் விளம்பர இடைவேளைகளில் செய்கிறார்.

சித்தியின் காப்பு இப்போது சமையலறை டப்பாவில் கிடக்கிறது. மாமா கேட்டார், கொடுக்கவில்லை. அவருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. காந்தம் நெஞ்சருகே வந்தால் அதன் இயக்கமே மாறிவிடலாம். டென்ஸும் அவருக்கு டாக்டரைக் கேட்காமல் கிடையாது.