தென்கடல் கரையில் மூன்றரை வருஷம்: என் 10×50 பைனாகுலர்

2021 கடைசியில் வாங்கியது. பத்து மடங்கு பெருக்கம், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர், விலை ஏழாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயர் வேண்டாம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில், எங்கள் தெருவிலிருந்து நாலு எட்டு வைத்தால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. அங்கே நின்று நட்சத்திரம் பார்க்கத்தான் வாங்கினேன்.

முதல் ராத்திரி ஏமாற்றம். சிரியஸ் வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி, பைனாகுலரில் இன்னும் கண்ணைக் கூசும் ஒரு புள்ளி. அவ்வளவுதான். எந்த நட்சத்திரமும் இதில் வட்டமாகத் தெரியாது. அதை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம். இருட்டில் நம் கண்மணி விரிவது அதிகபட்சம் 7 மில்லிமீட்டர். இந்தக் கண்ணாடி அதைவிட ஐம்பது மடங்கு வெளிச்சத்தை அள்ளுகிறது. அதனால் நட்சத்திரத்தின் நிறம் நன்றாகத் தெரிகிறது. திருவாதிரை அடுப்புத் தணல் மாதிரி, அதே ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிற ரைஜெல் நீலம் கலந்த வெள்ளை.

அந்த நிறத்தில்தான் விஷயமே இருக்கிறது, அது நட்சத்திரத்தின் சூட்டைச் சொல்கிறது. சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். ரைஜெல் அளவில் அதற்குப் பக்கத்திலேயே வராது, தூரமும் அதிகம், சுமார் 860 ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு). இருந்தும் பெரும்பாலும் ரைஜெல்தான் கூடுதல் பிரகாசம். அதன் மேற்பரப்பு 12,000 கெல்வின் சூடு, திருவாதிரை 3,500 வாக்கில்தான். போதாக்குறைக்கு, திருவாதிரையின் வெளிச்சத்தில் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் பிடிபடாத அகச்சிவப்பாகப் போய்விடுகிறது.

பிப்ரவரியில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பி நின்றால் மேலே சிரியஸ், அதற்குக் கீழே அகத்தியர், அதாவது கனோபஸ். ராத்திரி நட்சத்திரங்களிலேயே பிரகாசத்தில் முதலிடமும் இரண்டாமிடமும். சிரியஸ் 8.6 ஒளியாண்டு, சூரியனைப் போல 25 மடங்கு ஒளி. அகத்தியர் 310 ஒளியாண்டு, பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அகத்தியரைச் சிரியஸ் இருக்கிற தூரத்துக்கு இழுத்து வந்தால் இப்போது தெரிவதைவிட 1,300 மடங்கு ஜொலிக்கும். மணலில் நம் நிழல் விழும்.

எனக்குப் பிடித்த காட்சி மே மாதத்தில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கடலில் விசைப்படகு வெளிச்சம் இருக்காது. பதினொரு மணி வாக்கில், கையை நீட்டினால் தொடுவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்தில் ஆல்ஃபா சென்டாரியும் பீட்டா சென்டாரியும். இரண்டும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். கவிழ்த்துப் போட்ட வத்தையில் (சிறு படகு) முழங்கையை ஊன்றிப் பார்த்தால் ஆட்டமும் இல்லை. ஆல்ஃபா உண்மையில் இரட்டை, ஆனால் என் கருவியில் பிரிந்து தெரிந்ததில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன், கடலுக்குப் போகிறவர், வாங்கிப் பார்த்தார்.

"எது தம்பி கிட்ட இருக்கு?"

"இடப்பக்கம் இருக்கறதுண்ணே. நாலரை ஒளியாண்டுகூட இல்ல. வலப்பக்கத்தது கிட்டத்தட்ட 390."

"அப்ப கிட்ட வர்ற வத்தையில டார்ச்சு, தூரத்துல லைட்ஹவுசு. ஆனா லைட்ஹவுசு விட்டு விட்டு எரியும், அத வச்சுக் கண்டுபிடிப்போம். இத எத வச்சுக் கண்டுபிடிச்சாங்க?"

படகு நகரும்போது கரையோரப் பனை தூரத்துக் கோபுரத்தைத் தாண்டிப் போவது போலத்தான் என்றேன். பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அப்போது கிட்ட இருக்கும் நட்சத்திரம் துளி நகர்ந்து தெரியும். நன்னம்பிக்கை முனையில் தாமஸ் ஹெண்டர்சன் என்ற வானியலாளர் 1832, 33-இல் ஆல்ஃபா சென்டாரியை அப்படித்தான் அளந்தார். சந்தேகப்பட்டு வெளியிடாமல் வைத்திருந்தார். 1838-இல் பெஸ்ஸல் வேறொரு நட்சத்திரத்தின் தூரத்தை வெளியிட்டு முதலில் அளந்தவர் என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பிடிச்ச மீன ஏலத்துக்குக் கொண்டு வராம ஐஸ்லயே வச்சிருந்தாராக்கும்."

குறைகளுக்கு வருகிறேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்து எடுத்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. உப்புக்காற்று, ஈரம். மதுரையில் கொடுத்துச் சுத்தம் செய்ய ஆயிரத்து இருநூறு ஆனது. இப்போது ரப்பர் மூடி போட்ட பெரிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். நீலமாக இருக்கும் ஜெல் வெளுத்து இளஞ்சிவப்பானால் வாணலியில் லேசாக வறுத்துத் திரும்பப் போடுவேன். கழுத்துப்பட்டை ஒரே வருஷத்தில் இற்றுப்போய், கருவி மணலில் விழுந்தது. அதிலிருந்து அகத்தியர் இரண்டாகத் தெரிந்தார். அதைச் சரிசெய்ய இன்னொரு மதுரைப் பயணம். இப்போது பட்டைக்குப் பதில் வலைக்கயிறு, அண்ணன் முடிந்து கொடுத்தது.

அதற்குக் கூலி மாதிரி, வாரத்தில் பாதி நாள் கருவி அவர் வீட்டில்தான் இருக்கிறது. மச்சானோட படகு திரும்புதா என்று மாடியிலிருந்து பார்க்கிறார்.