கிரீன் டீயா, ஆவாரம்பூ டீயா?

பால் டீயைக் குறைக்க நினைக்கும் கடலூர்க்காரர்கள் பலர் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்.

ருசி: நீலகிரி கிரீன் டீயில் பச்சை இலை வாசனை, நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு. ஆவாரம்பூ சாதுவானது, பொன் மஞ்சள் நிறம், லேசான கசப்பு.

போடும் விதம்: கிரீன் டீ பலருக்குப் பிடிக்காமல் போவது இங்கேதான். கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் கசக்கத்தான் செய்யும். அடுப்பை அணைத்து, சூடு 80 டிகிரி அளவுக்கு இறங்கியதும் இலையைப் போட்டு, 2 நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். உப்புத் தட்டும் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அந்த மெல்லிய வாசனையை அது அமுக்கிவிடும். ஆவாரம்பூவுக்கு இந்தப் பக்குவமெல்லாம் தேவையில்லை. 5 நிமிடம் கொதித்தாலும் தாங்கும்.

காஃபின்: கிரீன் டீயில் உண்டு. ஆவாரம்பூவில் இல்லை.

வாங்குவது: கிரீன் டீ மளிகைக் கடையிலேயே இருக்கும். காய்ந்த ஆவாரம்பூவை நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சமாக நிறுத்து வாங்கலாம். கடல் காற்றில் இரண்டுமே நமுத்துப்போகும், இறுக்கமான டப்பா அவசியம்.

காலையில் சுறுசுறுப்பு வேண்டுமென்றால் கிரீன் டீ. ஆனால் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ராத்திரிக்கு ஆவாரம்பூதான் என் தேர்வு. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.