கையடக்க காமா கேமராவுக்கு எந்தப் படிகம்?

அறுவை அரங்கில் புற்றுநோய் முதலில் பரவக்கூடிய காவல் நிணக்கணுவைத் தேடுவதற்கும், பாராதைராய்டு கட்டியின் இடத்தை உறுதிசெய்வதற்கும், உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படமாக்கும் சிறிய காமா கேமரா வாங்க நினைப்பவர்கள், விற்பனை ஏட்டில் முதலில் பார்ப்பது கருவியின் எடையையும் திரையின் தெளிவையும்தான். கருவியின் தரமோ உள்ளே இருக்கும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள, காமா கதிர் பட்டால் ஒளிரும் சின்டிலேஷன் படிகத்திலும், அதன் முதுகில் ஒட்டப்பட்ட ஒளியுணரியிலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த மதிப்புரையில் படிகங்களையே எடைபோடுகிறேன். இத்தகைய படங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் கதிரியக்கப் பொருளான டெக்னீஷியம்-99எம் வெளியிடும் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரே இங்கு அளவுகோல்.

1948-இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் அறிமுகப்படுத்திய தாலியம் கலந்த சோடியம் அயோடைடு, அடுத்த பத்தாண்டில் ஹால் ஆங்கர் உருவாக்கிய கேமரா வழியாக அணு மருத்துவத்தின் அடித்தளமாயிற்று. ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறத்தாழ 38 ஒளித்துகள் தரும் இந்தப் படிகத்தின் ஒளி 415 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் பெறுவதால், மங்கலான ஒளியை மின்துடிப்பாகப் பெருக்கும் ஃபோட்டோ மல்டிப்ளையர் குழாயோடு அது நன்கு பொருந்துகிறது. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும் என்பதால், அதை உலோக உறைக்குள் கண்ணாடிச் சாளரத்தோடு காற்றுப் புகாமல் அடைத்தே தீர வேண்டும். அரை மீட்டர் அகலப் படிகத்தில் உறையின் விளிம்பு ஒரு பொருட்டல்ல. 4 சென்டிமீட்டர் படிகத்தில் அது பெரும் இழப்பு. 3 மில்லிமீட்டர் சோடியம் அயோடைடு துண்டுகளை அடுக்கி மார்பகப் படத்துக்காக வந்த டைலான் 6800 கேமராவின் 15க்கு 20 சென்டிமீட்டர் முகப்பில் இந்தத் தேர்வு நியாயமானதே. கையில் பிடிக்கும் கருவிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கையடக்கக் கருவிக்குச் சீசியம் அயோடைடு மேலும் இசைவானது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.51 கிராம், சோடியம் அயோடைடுக்கு 3.67 மட்டுமே. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள சீசியம் அயோடைடு, தன்மேல் விழும் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்களில் ஐந்தில் நான்கைத் தடுத்துவிடும். அதே துண்டு அயோடின்-131 வெளியிடும் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்களில் கால் பங்கைத்தான் தடுக்கும். இதோடு, கதிர்களைத் திசைப்படி வடிகட்டும் கொலிமேட்டரின் மெல்லிய சுவர்களையும் அந்தக் கதிர்கள் ஊடுருவிவிடும் என்பதால், தைராய்டு புற்றுநோய் சிகிச்சைக்குப் பிந்தைய படங்களையும் இந்தச் சிறு கேமராவிலேயே எடுத்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

சீசியம் அயோடைடிலும் இரு வகைகள் உள்ளன. ஸ்பெயினின் ஆன்கோவிஷன் நிறுவனம் தன் சென்டினெல்லா 102 கேமராவில் சோடியம் கலந்த சீசியம் அயோடைடை 4க்கு 4 சென்டிமீட்டர் அளவில் ஒரே துண்டாகப் பொருத்தி, இடமறியும் ஃபோட்டோ மல்டிப்ளையர் குழாயையும் ஊசித்துளை கொலிமேட்டரையும் சேர்த்தது. இந்த வகையின் நீல ஒளிக்குக் குழாய், குழாய்க்கேற்ற படிகம் என்ற அந்த இணைப்பு மிகச் சரியானது. தாலியம் கலந்த வகையோ 550 நானோமீட்டரில், மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிர்கிறது. சிலிக்கான் உணரிகளுக்கு அதுவே உகந்தது. டிஜிராட் நிறுவனத்தின் இதய கேமராக்கள் இந்தப் படிகத் துண்டுகளைச் சிலிக்கான் ஃபோட்டோ டயோடுகளோடு இணைத்து, குழாய்களே இல்லாத கேமராவைச் சாத்தியமாக்கின. ஃபோட்டோ டயோடுக்குப் பெருக்கும் திறன் இல்லாததால், ஒரு காமா கதிரிலிருந்து கிடைக்கும் சில ஆயிரம் எலக்ட்ரான்களை மின்னணு இரைச்சலுக்கு மேலே தூக்கிக் காட்டுவது கடினமாக இருந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு பெருக்கும் சிலிக்கான் ஃபோட்டோ மல்டிப்ளையர் வந்த பிறகு அந்தக் குறை நீங்கிற்று. தாலியம் வகையின் ஒளி தணிய ஒரு மைக்ரோ நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் என்பதைச் சிலர் பெருங்குறையாகச் சொல்கிறார்கள். நொடிக்கு நூற்றுக்கணக்கில் மட்டுமே கதிர்கள் வந்துசேரும் நிணக்கணுத் தேடலில் இந்த மெதுவான தன்மை எந்தத் தீங்கும் செய்யாது.

நெருங்கிய ஆற்றல்களை வேறுபடுத்தும் ஆற்றல் பிரிதிறனைத்தான் நான் மிகக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். உடலுக்குள் 45 பாகை திசைமாறிய 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் 130-ஆகக் குறைந்து வெளியே வருகிறது. வழக்கமான 20 விழுக்காட்டு ஆற்றல் சாளரம், அதாவது படத்தில் சேர்க்கப்படும் ஆற்றல் வரம்பு, 126 முதல் 154 வரை திறந்திருப்பதால், அந்தத் தவறான கதிரும் படத்தில் ஏறிவிடுகிறது. ஊசி போட்ட இடத்துக்கு மிக அருகே மங்கலான கணு ஒளிந்திருக்கும் நோயாளியிடம் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரியும். சின்டிலேஷன் படிகங்கள் பெரும்பாலும் 10 விழுக்காட்டை ஒட்டிய பிரிதிறனோடு நிற்கின்றன; இந்த எண் குறையக் குறைய நல்லது. கதிரை நேரடியாக மின்னூட்டமாக மாற்றும் காட்மியம் ஜிங்க் டெல்லுரைடு குறைகடத்தி 5, 6 விழுக்காடு வரை எட்டுகிறது. அதனால் சாளரத்தைக் குறுக்க முடிகிறது. 159 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட அயோடின்-123-ஐயும் டெக்னீஷியத்தையும் ஒரே நேரத்தில் படமெடுக்கும் துறைகள் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவதே முறை. மற்றவர்களுக்கு நல்ல சின்டிலேஷன் படிகம் போதும்.

ஒரே துண்டுப் படிகமா, சிறு துண்டுகளின் அடுக்கா என்ற கேள்விக்கு விற்பனையாளர்கள் நேராகப் பதில் சொல்வது அரிது. ஒரே துண்டில் ஒளி பரவும் விதத்தைக் கொண்டு இடத்தைக் கணிப்பதால் நுணுக்கமான இடப் பிரிதிறன் கிடைக்கிறது. ஆனால் விளிம்பை நெருங்கும்போது ஒளி பக்கச்சுவரில் மோதித் திரும்பி, இடங்கள் உள்நோக்கி நெருங்கிவிடுகின்றன. 40 மில்லிமீட்டர் படிகத்தில் ஒவ்வொரு பக்கமும் 4 மில்லிமீட்டர் பயனற்றுப் போனால், எஞ்சுவது பரப்பில் 64 விழுக்காடு மட்டுமே. துண்டு அடுக்கில் விளிம்பு வரை இடம் தெளிவாகத் தெரியும். ஆனால் துண்டின் அகலத்தை விட நுணுக்கமாக எதையும் பார்க்க முடியாது, ஒடுங்கிய துண்டுக்குள் ஒளியும் இழக்கப்படுகிறது. கழுத்திலும் அக்குளிலும் பயன்படுத்துவதற்கு விளிம்பு வரை நம்பகமான துண்டு அடுக்கையே நான் விரும்புகிறேன்.

புதிய படிகங்களில் என் நம்பிக்கையைப் பெற்றது 'காக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும், சீரியம் கலந்த கடோலினியம் அலுமினியம் காலியம் கார்னெட். அடர்த்தி 6.6, உச்சம் 520 நானோமீட்டர், ஈரத்தால் பாதிப்பில்லை, தனக்குள் கதிரியக்கமும் இல்லை. பெட் (பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பு) கருவிகளில் சிறந்து விளங்கும் லூட்டீஷியம் படிகங்களைக் காமா கேமராவில் யாரேனும் முன்வைத்தால் மறுத்துவிட வேண்டும். லூட்டீஷியம்-176 இயல்பாகவே சிதைந்து, மங்கலான கணுவின் குறைந்த எண்ணிக்கையைப் பின்னணியில் மூழ்கடிக்கும். லாந்தனம் புரோமைடு சிறந்த ஆற்றல் பிரிதிறன் தருவது உண்மைதான்; ஆனால் அதுவும் ஈரத்துக்கு அஞ்சி உறைக்குள் வாழ வேண்டியது, விலையும் அதிகம்.

செயல்முறை விளக்கத்துக்கு வருபவர்களிடம், கருவியை இயக்கியவுடனும் ஒரு மணி நேரம் கழித்தும் சீரான கதிர்ப்பரப்பின் படத்தை விளிம்பை வெட்டாமல் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். சிலிக்கான் ஃபோட்டோ மல்டிப்ளையரின் பெருக்கம் வெப்பநிலையோடு மாறக்கூடியது. அதை ஈடுசெய்யும் மின்சுற்று சரியாக இல்லாவிட்டால், ஆற்றல் உச்சம் சாளரத்திலிருந்து நழுவி எண்ணிக்கை குறையும். இரண்டு படங்களிலும் உச்சத்தின் இடத்தைக் குறித்து ஒப்பிட்ட பிறகே விலையைப் பற்றிப் பேசலாம்.